ப்ளே ஸ்கூல் நடத்துறவங்களுக்கு ஒரு பாட்டியோட திறந்த மடல்: உங்க டைம்டேபிள்ல ஒண்ணுக்குப் போக எப்ப பீரியடு?

சென்னையில ப்ளே ஸ்கூல், நர்சரி ஸ்கூல் நடத்துற கரஸ்பாண்டென்ட், பிரின்சிபால், சென்டர் ஹெட் மேடம்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

நான் அயனாவரத்துலேர்ந்து எழுதறேன். கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர்ல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆகி, இப்ப எல்கேஜி படிக்கிற பேத்திக்கு ஃபுல் டைம் பாட்டி. மகளும் மாப்பிள்ளையும் காலைலயே வேலைக்குக் கெளம்பிடுவாங்க, கொண்டு விடறது, கூட்டிட்டு வர்றது, டைரில மிஸ் எழுதி அனுப்பறதப் படிச்சு பதில் சொல்றது எல்லாம் என் டிபார்ட்மென்ட். உங்க கேட்டுக்கு வெளிய மத்தியான வெயில்ல நிக்கிற கூட்டத்துல பாதி எங்கள மாதிரி பாட்டி தாத்தாங்கதான், நீங்களும் பாத்திருப்பீங்க. அங்க நின்னுட்டு நாங்க பேசறது அரசியல் இல்ல, சீரியல் கூட இல்ல, யார் வீட்டுக் கொழந்தைக்கு சளி, யாருக்கு மூணு நாளா வெளிக்கிப் போகல, யார் தலையில பேன், இதேதான். ஒரு ஸ்கூல மட்டும் மனசுல வெச்சு எழுதற புகார் இல்ல இது, அதனால யாரும் டென்ஷன் ஆக வேணாம், ஆனா படிச்சா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்தும்னு நெனைக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க நோட்டீஸ்ல ஃபோனிக்ஸ் இருக்கு, அபாகஸ் இருக்கு, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கு, இப்ப ரோபோட்டிக்ஸ் கூட வந்துடுச்சு, மூணரை வயசுக்கு! கொழந்தையோட உடம்புக்கு மட்டும் டைம் இல்ல. தண்ணி குடிக்க, ஒண்ணுக்குப் போக, சோப்பு போட்டு கை கழுவ, நிதானமா மென்னு முழுங்க, ஜுரம் வந்தா வீட்ல படுத்துக் கெடக்க, இதுக்கெல்லாம் உங்க டைம்டேபிள்ல எடம் போட்டுக் குடுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

ஒண்ணுக்கு விஷயத்துல ஆரம்பிக்கிறேன், ஏன்னா கேட்டுக்கிட்ட அதிகமா அடிபடற பேச்சு அதுதான், மீட்டிங்ல ஒருத்தரும் வாயத் தொறக்காத பேச்சும் அதுதான். நெறைய எடத்துல கொழந்தை பாத்ரூம் போகணும்னா இங்கிலீஷ்ல முழு சென்டன்ஸா கேக்கணும். "மிஸ், மே ஐ கோ டு த டாய்லெட் ப்ளீஸ்". வீட்ல "பாட்டி ஒண்ணுக்கு"ன்னு ரெண்டு வார்த்தையில வேலைய முடிக்கிற கொழந்தை, அந்த சென்டன்ஸ மனசுக்குள்ள கோத்து முடிக்கறதுக்குள்ள ஜட்டி நனைஞ்சுடும். அப்புறம் பக்கத்துல இருக்கறதுங்க சிரிக்கும், ஆயாம்மா முணுமுணுப்பாங்க. அடுத்த நாள்லேர்ந்து அந்தக் கொழந்தை ஒரு புத்திசாலித்தனமான முடிவு எடுக்குது: தண்ணி குடிச்சாத்தானே வரும், குடிக்காம இருந்துட்டா? காலைல நான் ரொப்பிக் குடுத்த பாட்டில் மத்தியானம் அப்படியே கனமா திரும்பி வருது. மிஸ் டைரில "ப்ளீஸ் என்கரேஜ் ட்ரிங்கிங் வாட்டர்"னு எழுதறாங்க. எங்களுக்கு!

இதோட நிக்காதுங்க. தண்ணி கொறஞ்சா மலம் கெட்டியாகும், கெட்டியானா போறப்ப வலிக்கும், ஒரு தடவ வலிச்சா அந்த வயசுக்கு அடுத்த தடவ அடக்கத்தான் தோணும், அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும். கால ரெண்டையும் பின்னிக்கிட்டு, கதவு மூலையில போய் நின்னுக்கிட்டு, மூஞ்சி செவக்க முக்கிற மாதிரி இருக்கும், பாக்கறவங்க போறதுக்கு முக்குதுன்னு நெனைப்பாங்க, அது வராம இருக்கறதுக்கு முக்குது. எங்க தெருவுல ஒரு பையன், யூகேஜி, ஜட்டில கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா பட்டுட்டே இருக்குன்னு ஸ்கூல்லேர்ந்து "லூஸ் மோஷன், அனுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. வீட்ல மோர் சாதம், மாதுளந்தோல் கஷாயம், பேதி நிக்க என்னென்ன உண்டோ எல்லாம் நடந்துச்சு. கடைசில கொழந்தைங்க டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்தா எடது பக்கம் கீழ கல்லு கல்லா உருண்டை. மலச்சிக்கல். உள்ள கெட்டியா அடைச்சிக்கிட்டு இருக்கறதச் சுத்தி தண்ணியா கசியறது அது, அவன் வேணும்னே பண்ணல, அவனுக்கு வர்றதே தெரியாது. பேதிய நிறுத்த வைத்தியம் பண்ணப் பண்ண அடைப்பு இன்னும் ஜாஸ்தியாச்சு. இத சரி பண்ண மாசக்கணக்குல மருந்து குடுத்து, சாப்பிட்ட கையோட பாத்ரூம்ல உக்கார வெச்சுப் பழக்கணும். அந்த மாசங்கள்ல பாதி நாள் அவன் உங்ககிட்ட இருக்கான், அத யோசிங்க.

பாத்ரூம போய் ஒரு தடவ கொழந்தை ஒசரத்துக்கு குனிஞ்சு பாருங்களேன். பெரியவங்க வெஸ்டர்ன் கமோடு, கால் ரெண்டும் அந்தரத்துல தொங்குது, உள்ள விழுந்துடுவோமோன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருக்கற கொழந்தையால எப்படிப் போக முடியும்? காலுக்குக் கீழ ஒரு குட்டி ஸ்டூல் போட்டா முட்டி மேல வரும், பாதம் ஊனும், வேலை தன்னால நடக்கும். தரை ஈரமா இல்லாம இருக்கணும், லைட் எரியணும், கதவு உள்பக்கம் தாழ் விழாம இருக்கணும். ஆயாம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க, பொண்ணு கொழந்தைங்களுக்கு கழுவி விடறப்ப முன்னாடிலேர்ந்து பின்னாடி. பின்னாடிலேர்ந்து முன்னாடி கையக் கொண்டு வந்தா மலத்துல இருக்கற கிருமி மூத்திரப் பாதைக்குப் போயிடும். சின்னக் கொழந்தைக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்தா எரியுதுன்னு சொல்லத் தெரியாது, சளி இல்ல இருமல் இல்ல, வெறும் ஜுரம் மட்டும் அடிக்கும், நாம வைரல்னு நெனைச்சிட்டு இருப்போம். அடிக்கடி அடக்கற பொண்ணுங்களுக்கும் மலச்சிக்கல் இருக்கறவங்களுக்கும் இது இன்னும் ஈசியா வரும். பாருங்க, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு முடிச்சு.

கேரளாவுல 2019-ல ஸ்கூல்ல தண்ணி குடிக்கறதுக்குன்னே வாட்டர் பெல் அடிக்க ஆரம்பிச்சாங்க, 2025-ல நம்ம தமிழ்நாட்டுலயும் கொண்டு வந்தாங்க, நல்ல விஷயம், நீங்களும் அடிங்க. ஆனா என்னைக் கேட்டா வாட்டர் பெல் அடிச்சு அரை மணி நேரத்துல டாய்லெட் பெல் ஒண்ணும் அடிக்கணும். யாரும் கேக்க வேணாம், இங்கிலீஷும் வேணாம், எல்லாரும் லைனா போயிட்டு வர்றாங்க, வரலன்னா சும்மா ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வரட்டும். நடுவுல அவசரம்னா ஒரு விரல் காட்டினா போதும்னு வெச்சிடுங்க. இதுக்கு காசு ஒண்ணும் செலவில்ல.

அடுத்தது கை. வாசல்ல சானிடைசர் ஸ்டாண்ட் வெச்சு ஃபோட்டோ போடறீங்க, சரி, கொரோனா டைம்ல பழகிட்டோம். ஆனா மண்ணுல வெளையாண்ட கையில, பாத்ரூம் போயிட்டு வந்த கையில அது பிரயோஜனப்படாது, அழுக்கு அப்படியே இருக்கும், கீரிப்பூச்சி முட்டை சாகாது, வாந்தி பேதி பண்ற சில வைரஸும் அசையாது. சோப்பு, ஓடற தண்ணி, 20 செகண்டு தேய்ச்சு. ஒரு ரைம்ஸ் பாடி முடிக்கற நேரம், அதான் நாள் பூரா பாடறீங்களே, அதுல ஒண்ண வாஷ் பேசின் கிட்ட பாட வெச்சிடுங்க. பேசின் அவங்களுக்கு எட்டணும், அது முக்கியம். கொழந்தைங்க நகத்த திங்கக்கிழமை ஒரு பார்வை பாருங்க.

கீரிப்பூச்சி பத்தி சொல்லிட்டேன்ல, அதையும் முடிச்சிடறேன். ராத்திரி தூக்கத்துல பின்னாடி சொறியும், பல்லி வால் நுனி மாதிரி வெள்ளையா நெளியறது சில சமயம் கண்ணுக்கே தெரியும். சொறிஞ்ச நகத்துல முட்டை, அந்த விரல் வாயில, அதே விரல் கிளாஸ்ல களிமண்ணு பிசையுது, அடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு. வந்தா வீட்ல எல்லாருக்கும் சேத்து மாத்திரை குடுத்து, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ குடுக்கணும், இல்லன்னா சுத்திச் சுத்தி வரும். கவர்ன்மென்ட் 2015-லேர்ந்து குடற்புழு நீக்க நாள் நடத்துது, அல்பெண்டசோல், 1 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும், 2 வயசுக்கு மேல முழு மாத்திரை 400 மில்லிகிராம், அதுக்குக் கீழ பாதி. இது அங்கன்வாடிக்கு மட்டும்தான்னு நெனைச்சு பிரைவேட் நர்சரிக்காரங்க நெறைய பேரு கேக்கறதே இல்ல. பக்கத்துல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் எங்க ஸ்கூலையும் சேத்துக்கோங்கன்னு கேளுங்க. நானும் அந்தப் பக்கம் உக்காந்து இருந்தவதான், வந்து கேட்டா சந்தோஷமா லிஸ்ட்ல போட்டுக்குவாங்க.

ஆனா ஒண்ணு, கன்னத்துல வெள்ளத் திட்டு தெரியுதே, வயித்துல பூச்சி இருக்கு, கால்சியம் கொறைச்சல்னு மிஸ்ஸுங்க அம்மாங்கள பயமுறுத்த வேணாம். அது வறண்ட தோல், வெயில்ல மத்த எடம் கறுத்தா எடுப்பா தெரியும், அவ்ளோதான். பல்லக் கடிக்கறதுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்ல.

கை வாய் பாதத்துல கொப்புளம் வர்ற ஹேண்ட் ஃபுட் மவுத், 2022-ல கேரளாவுல தக்காளிக் காய்ச்சல்னு பேர் வெச்சு நியூஸ்ல ஓட்டினாங்களே, அதோட சொந்தக்காரன், உங்க கிளாஸ்ல ஒருத்தருக்கு வந்தா அடுத்த வாரம் அரை கிளாஸ் காலி, உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல தானா போயிடும், மருந்து ஒண்ணும் பெருசா இல்ல. கஷ்டம் என்னன்னா தொண்டையில புண்ணு, எச்சில் கூட முழுங்காது, அப்ப சில்லுனு மோர், தயிர், இளநி, ஐஸ்கிரீம் கூட குடுக்கலாம், நெறைய பாட்டிங்க என்னைத் திட்டுவாங்க, பரவால்ல. கொப்புளம் காஞ்சப்புறமும் சில வாரத்துக்கு மலத்துல வைரஸ் இருக்கும், அதனாலதான் மறுபடியும் அந்த பாத்ரூம், அந்த சோப்புன்னு சொல்றேன். டாய்ஸக் கழுவுங்க. ஒரு மாசம் கழிச்சு சில கொழந்தைக்கு நகம் உரிஞ்சு வரும், பயப்படாதீங்க, புதுசு மொளைக்கும்னு அந்த வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போட்டீங்கன்னா எத்தன வீட்ல நிம்மதியா தூங்குவாங்க.

இப்ப உங்களுக்குக் கோவம் வர்ற விஷயத்துக்கு வரேன். ஆனுவல் டே அன்னைக்கு "ஹண்ட்ரட் பர்சென்ட் அட்டெண்டன்ஸ்"னு மெடல் குடுக்கறீங்களே, அத நிறுத்துங்க. இந்த வயசுல வருஷத்துக்கு 6 தடவையிலேர்ந்து 8 தடவ வரைக்கும் சளி புடிக்கறது சாதாரணம், ஸ்கூல் சேந்த மொத வருஷம் அதுக்கு மேலயும் போகும், எதிர்ப்பு சக்தி இல்லாமப் போச்சுன்னு அர்த்தமில்ல, புதுசு புதுசா வைரஸப் பாக்குது, உடம்பு பழகுது. அப்படி இருக்கறப்ப ஒரு கொழந்தை ஒரு நாள் கூட லீவு போடலன்னா, ஒண்ணு அதுக்கு செம அதிர்ஷ்டம், இல்ல ஜுரத்தோட வந்திருக்கு. எப்படி வருதுன்னு உங்க மிஸ்ஸுங்களக் கேளுங்க. காலைல எட்டரைக்கு பாராசிட்டமால் ஊத்தி அனுப்புவாங்க, வர்றப்ப ஜம்முனு இருக்கும், பதினொன்றரை பன்னெண்டுக்கு மருந்து எறங்கும், கொழந்தை டெஸ்க்குல தலைய சாய்ச்சிடும், தொட்டா கொதிக்கும். அதுக்குள்ள கூட உக்காந்த நாலு பேருக்கு தும்மி முடிச்சிருக்கும்.

பெத்தவங்களத் திட்டி பிரயோஜனமில்லங்க. வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு நாள் போகலன்னா அன்னிக்கு சம்பளம் போச்சு, ஐடில இருக்கறவங்களுக்கு மேனேஜர் மூஞ்சி, என் மக போன்ல லீவு கேக்கறப்ப அவ கொரல் எப்படி எறங்கும்னு எனக்குத் தெரியும். வீட்ல பாட்டி இல்லாத குடும்பம் என்ன பண்ணும்? அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். லீவு போட்டா விட்டுப்போன ஒர்க்‌ஷீட்ட எல்லாம் முடிச்சுக் கொண்டாங்கன்னு அனுப்பாதீங்க, எல்கேஜில 'சி' எழுதறது ஒரு வாரம் தள்ளிப் போனா ஒண்ணும் முழுகிப் போயிடாது. எப்ப வரலாம் எப்ப வரக்கூடாதுன்னு தெளிவா தமிழ்ல ஒரு பேப்பர் அட்மிஷன் அன்னைக்கே குடுங்க. நான் சொல்றேன், மூக்கு ஒழுகுது ஆனா ஜுரம் இல்ல, ஆடுது பாடுதுன்னா வரட்டும், இல்லன்னா சென்னையில மார்கழி மாசம் ஒரு ஸ்கூலும் நடத்த முடியாது. ஜுரம்னா மருந்து குடுக்காமலே 24 மணி நேரம் ஜுரம் இல்லாம இருந்தப்புறம் வரட்டும். வாந்தி பேதின்னா நின்னு ஒரு நாளாவது, ரெண்டு நாள்னா இன்னும் நல்லது. மெட்ராஸ் ஐ வந்தா தண்ணி, பூளை நிக்கற வரைக்கும் வீட்ல, ஆனா கண்ணப் பாத்தாலே ஒட்டிக்கும்னு கருப்புக் கண்ணாடி மாட்டி விடறது வேலைக்காவாது, கையாலயும் துண்டாலயும்தான் பரவும். பேனுக்கு லீவே தேவையில்ல, அது தாவாது பறக்காது, தலையோட தலை ஒட்டினாத்தான் ஏறும், அந்தப் பொண்ண கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சு சொல்லாம அம்மாகிட்ட தனியா சொல்லி பேன் சீப்பு போடச் சொல்லுங்க போதும்.

அம்மை போட்டா நம்ம வீடுகள்ல வேப்பிலை, தண்ணி ஊத்தறதுன்னு ஒரு முறை இருக்கு, எங்க வீட்லயும் உண்டு, அத நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா ஸ்கூலுக்கு எப்ப அனுப்பறதுங்கறதுக்கு அது கணக்கில்ல. கடைசிக் கொப்புளம் வரைக்கும் பொருக்குத் தட்டிடுச்சான்னு பாத்துட்டு சேத்துக்கோங்க. சின்னம்மை ஊசி கவர்ன்மென்ட் அட்டவணையில கெடையாது, பிரைவேட்ல போட்டிருந்தாத்தான் உண்டு, அதனால உங்க கிளாஸ்ல பாதுகாப்பு இல்லாத கொழந்தைங்க நெறைய இருக்கும். ஊசின்னு வந்ததால இன்னொண்ணு: ஒன்றரை வயசு ஊசியோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்க அதிகம், 5 வயசுல தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்குப் போடற டிபிடி பூஸ்டர் இன்னொண்ணு இருக்கு. அட்மிஷன்ல கார்டு ஜெராக்ஸ் வாங்கி ஃபைல்ல சொருகறீங்கல்ல, யூகேஜி போறப்ப அத ஒரு தடவ வெளிய எடுத்து விடுபட்டவங்களுக்கு சொல்லுங்க.

மருந்து. இத எழுதறப்ப எனக்கு கை கொஞ்சம் அழுத்தமாவே வருது. கொழந்தை பைக்குள்ள லேபிள் கிழிஞ்ச பாட்டில், கூட ஒரு ஸ்பூன், "11 மணிக்கு ஒரு ஸ்பூன் ப்ளீஸ்"னு ஒரு துண்டுச் சீட்டு. ஆயாம்மா ஊத்தறாங்க. எந்த ஸ்பூன்? கொழந்தைங்க பாராசிட்டமால் சிரப்பு ஒரே பேர்ல 5 மில்லிக்கு 125 மில்லிகிராம்லயும் வருது, 250-லயும் வருது, பாட்டில் ரெண்டும் பாக்க அண்ணன் தம்பிதான். வயசுக்கு இல்ல, எடைக்குத்தான் அளவு. மாறிப்போச்சுன்னா ஒரு தடவையிலயே டபுள். 2025 அக்டோபர்ல என்ன நடந்துச்சு, மறந்துட்டோமா? நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப்ங்கற இருமல் சிரப்பு, டெஸ்ட் பண்ணா 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால், அது விஷம், கிட்னிய அடிச்சிடும், மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா பக்கம் அத்தன பிஞ்சுங்க போச்சு, எல்லாம் பெரும்பாலும் உங்க ஸ்கூல்ல படிக்கிற வயசுதான். அப்புறம்தான் மத்திய சுகாதாரத்துறை 2 வயசுக்குக் கீழ இருமல் சளி மருந்தே குடுக்காதீங்க, 5 வயசுக்குக் கீழ பொதுவா வேண்டாம்னு திரும்ப எடுத்துச் சொன்னாங்க. அதனால ஸ்கூல்ல இருமல் சிரப்பு ஊத்தறத ஒரேயடியா நிறுத்துங்க. மத்த மருந்துன்னா டாக்டர் சீட்டு, கொழந்தை பேரு, எத்தன மில்லி, எப்ப, எல்லாம் எழுதி இருந்தாத்தான், அதுவும் மிஸ் கையால, மருந்தோட வந்த அளவு மூடியில. ராத்திரி இருமலுக்கு 1 வயசு தாண்டின கொழந்தைக்கு ஒரு ஸ்பூன் தேன் குடுத்தா போதும்னு அம்மாங்களுக்கு நாங்க சொல்லிக்கறோம்.

ஜுரத்துல வலிப்பு வரலாம், 6 மாசத்துலேர்ந்து 5 வயசு வரைக்கும், அதாவது கரெக்டா உங்க கஸ்டமர் வயசு. பாக்கறதுக்கு கொழந்தை போயிடுச்சோன்னு தோணும், பெரும்பாலும் ஒரு சில நிமிஷத்துல நின்னுடும். அப்ப நடக்கற கூத்து இருக்கே, சாவிக்கொத்த கையில திணிக்கறது, வாயில ஸ்பூன் வெக்கறது, மூஞ்சில தண்ணி அடிக்கறது. எதுவும் வேணாம். கீழ ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, சுத்தி இருக்கற சேர் டேபிள நகத்துங்க, சட்டைப் பட்டனத் தளத்துங்க, வாயில ஒண்ணும் வெக்காதீங்க, மணியப் பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா 108. மொத தடவ வந்ததுன்னா நின்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும். வாட்ச்மேனுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

டிபன் விஷயத்துல எனக்கு உங்க மேல தனியா ஒரு மனஸ்தாபம். "ஒன்லி ட்ரை ஸ்நாக்ஸ்"னு சர்க்குலர். ஏன்னா சிந்தும், ஒட்டும், துடைக்கணும். ட்ரைன்னா வீட்ல என்ன வெப்பாங்க, பிஸ்கட், சிப்ஸ், கேக். 15 நிமிஷத்துல முடிச்சிடணும் வேற. நம்ம தமிழ்நாட்டுல 6 மாசத்துலேர்ந்து 5 வயசுக்குள்ள இருக்கற கொழந்தைங்கள்ல 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது, அதுக்கு முந்தின சர்வேல 51 பக்கம் இருந்துச்சு, கூடியிருக்கு. கிளாஸ்ல சுவரப் பாத்துட்டு உக்காந்திருக்கறது, ஓடச் சொன்னா ஓரமா நிக்கறது, சாக்பீஸ் திங்கறது, இதெல்லாம் சோம்பேறித்தனம்னு எழுதி அனுப்பறீங்க, கண்ணு கீழ் இமைய இழுத்துப் பாருங்க வெளுத்திருக்கும். சுண்டல், முட்டை, முருங்கைக்கீரை அடை, எலுமிச்சம்பழம் புழிஞ்ச பாசிப்பயறு, சிந்தினா சிந்தட்டும், ரெண்டு துண்டு எச்சா வாங்கிக் குடுங்க. ஆட்டு ஈரலு, சுவரொட்டி (மண்ணீரல்) எல்லாம் நாங்க வீட்ல பாத்துக்கறோம். சாப்பிடலன்னு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல பால ஊத்திக்கிட்டே இருந்தாலும் ரத்தம் கொறையும், சாப்பாட்டோட டீ குடுத்தாலும் இரும்புச்சத்து ஏறாது, இது பாட்டிங்களுக்கு நான் கேட்டுக்கிட்ட நின்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன், கேக்கத்தான் மாட்டேங்கறாங்க. உங்க பக்கம் ஒரு கண்டிஷன் போடுங்க, திராட்சைய நீளவாக்குல நறுக்கி அனுப்பணும், முழு வேர்க்கடலை, பாப்கார்ன் கூடவே கூடாது, தொண்டையில அடைச்சா நேரம் குடுக்காது.

பர்த்டேக்கு சாக்லேட்டுக்குப் பதிலா பழம் வெச்சுக்கலாம்னு ஒரு ரூல் போட்டுட்டா எங்களுக்கும் நிம்மதி, பணம் இருக்கறவங்க இல்லாதவங்க போட்டியும் இருக்காது. பால் பல்லு தானே விழுந்துடப் போகுதுன்னு விட்டுடறாங்க, கடைவாய்ப் பால் பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருக்கணும், நாலு வயசுல அது சொத்தையாச்சுன்னா கணக்குப் பாத்துக்கோங்க. 3 வயசுக்கு மேல பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், ராத்திரியும் தேய்க்கணும், தேய்ச்சு விடறது பெரியவங்க.

மழை சீசன் வர்றதுக்குள்ள உங்க ப்ளே ஏரியாவ ஒரு சுத்து சுத்துங்க. ஊஞ்சல் கட்டின டயர், தலைகீழா கெடக்கற பிளாஸ்டிக் யானை, சாண்ட்பிட் மேல மூடின தார்ப்பாய், பூந்தொட்டித் தட்டு, எல்லாத்துலயும் தண்ணி நிக்கும். டெங்கு கொசு சாக்கடையில இல்ல, இந்த நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், பகல்லதான் கடிக்கும், அரை டிரவுசர் போட்ட காலு வேற அதுக்கு வசதி. வாரத்துக்கு ஒரு தடவ கவுத்துக் காய வெச்சா போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் ஆகும்.

நான் வெறுமனே குத்தம் சொல்லிட்டு ஓடிப்போற ஆளில்ல. அயனாவரம், வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம் இருக்கறவங்க உங்க மிஸ்ஸுங்களையும் ஆயாம்மாக்களையும் ஒரு சனிக்கிழமை காலைல உக்கார வைங்க, வலிப்பு வந்தா என்ன பண்ணணும், தொண்டையில அடைச்சா எப்படி முதுகுல தட்டணும், வாந்தி பேதிக்குக் குடுக்கற உப்பு சர்க்கரைக் கரைசல், அதான் ஓஆர்எஸ், அத எப்படிக் கலக்கணும் எல்லாம் வந்து செஞ்சு காட்டறேன், காசு வேணாம், ஒரு நல்ல ஃபில்டர் காபி. ஓஆர்எஸ்னதும் ஞாபகம் வருது, ஸ்கூல் ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல டப்பாவுல அடைச்ச கலர் ஜூஸ் வெச்சிருக்கீங்க சில பேரு, அது ஓஆர்எஸ் இல்ல, 2025 அக்டோபர்லயே ஃபார்முலாப்படி இல்லாத பானத்துல அந்தப் பேரே போடக்கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிடுச்சு. சுகாதார நிலையத்துல சும்மாவே குடுக்கற பாக்கெட்டு, முழு பாக்கெட்டும் 1 லிட்டர் தண்ணியில, அரை பாக்கெட்டு அரை டம்ளர்னு கண்ணளவு போடக்கூடாது, கலக்கினது 24 மணி நேரத்துக்கு மேல வெக்கக்கூடாது.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. சென்னை வேர்வையில மூணரை வயசுக்கு கழுத்துல டை, இடுப்புல பெல்ட்டு, காலுக்கு சாக்ஸோட ஷூ. கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, விரலிடுக்கெல்லாம் புண்ணு, அந்த பெல்ட்ட அவுக்கத் தெரியாமத்தான் பாதி ஜட்டி நனையுது. வர்ற ஜூன்ல எலாஸ்டிக் வெச்ச டிரவுசரும் வாரு வெச்ச செருப்பும் போதும்னு சொல்லுங்க, யூனிஃபார்ம் தெக்கிற டெய்லருக்கு இப்பவே சொன்னாத்தான் ஆகும்.

இப்படிக்கு,
எல்கேஜி பி செக்‌ஷன் வாசல்ல நிக்கிற ஒரு பாட்டி,
அயனாவரம், சென்னை.